வாசகர் கேள்வி-பதில்: வௌவால் மரத்தடியில் எவ்வளவு பயப்பட வேண்டும்?

மலப்புரத்தில் அல்லது கோழிக்கோட்டில் நிபா (வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ் நோய்) என்று செய்தி வந்துவிட்டால் போதும், நாடுகாணி, பாட்டவயல், வாளையாறு, புளியரை ஆகிய கேரள எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பார்க்கும் குழு வந்துவிடும். எங்களுக்கும் கடிதங்கள் குவியும். இந்த முறை கால்நடை மருத்துவமும் தொற்றுநோய்த் தடுப்பும் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரத்தில் நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. தினமும் அதன் கீழாகத்தான் தேயிலைக் காட்டுக்குப் போகிறோம். அவை எல்லாவற்றிலும் நிபா இருக்குமா? எச்சம் மேலே பட்டால் நோய் வந்துவிடுமா?
— கூடலூர் வாசகி

எல்லாவற்றிலும் இருக்காது. இருக்கிற வௌவாலும் எந்நேரமும் கிருமியை வெளியே விடுவதில்லை. நிபாவைப் புரிந்துகொள்ள முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பகுதியில் நிபாவைச் சுமப்பது பெரிய பழந்தின்னி வௌவால். சிறகை விரித்தால் நாலடி அகலம் வரும். வைரஸ் உடம்பில் இருந்தாலும் அதற்கு நோய் வருவதில்லை. வழக்கம்போல் பறக்கும், தின்னும், ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். தொற்றிய வௌவால் கொஞ்ச காலம் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றும். பிறகு நோயெதிர்ப்புச் சக்தி வந்து வைரஸ் அடங்கிவிடும். ஆனால் அது முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கலாம். எதிர்ப்புச் சக்தி தேயும்போது பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும். தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துபோன இளம் வௌவால்களும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே மரத்துக் கூட்டத்தில் மாதக்கணக்கில் ஒன்றுமே அகப்படாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு சமயத்தில் கிருமி கிடைக்கிறது.

ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. விடியும் முன்னே மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிடுவார்கள். இரை தேடிவிட்டுத் திரும்பும் வௌவால்கள் கிளையைப் பற்றியதும் சிறுநீர் விடும். அந்தத் துளிகளை ஊசிக்குழாயில் உறிஞ்சி ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மலேசியாவின் தியோமன் தீவில் இப்படிச் சேகரித்த சிறுநீரிலிருந்தும், வௌவால் கடித்துப் போட்ட ஜம்புப் பழத்திலிருந்தும் உயிருள்ள நிபா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. கோழிக்கோட்டில் 2018-ல் நோய் பரவியபோது புனே தேசிய வைராலஜி நிறுவனம் பிடித்துச் சோதித்த 52 பழந்தின்னி வௌவால்களில் 10-ல் வைரஸ் இருந்தது. அது நோய் வெடித்த ஊர், நோய் வெடித்த சமயம். எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் அந்தக் கணக்கைப் போடக்கூடாது.

இனி மரத்தடிக்கு வருவோம். நிபா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு பட்டால் உறை கரைந்து வைரஸ் செத்துவிடும், வெயிலும் உலர்வும் அதைக் கொல்லும். ஆனால் ஈரத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 22 டிகிரி குளிர்ச்சியில் வௌவால் சிறுநீரில் நாலு நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மாம்பழச் சதையில் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை. 37 டிகிரியில் அந்தக் காலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கூடலூர் மழைக்காலத்தில் மரத்தடி காயாமல் கிடக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

மரத்தின் கீழே நடந்துபோவதால் மட்டும் நோய் வராது. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் குடை பிடித்துக்கொண்டோ தொப்பி போட்டுக்கொண்டோ போங்கள். எச்சம் மேலே பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண், மூக்கு, வாயைத் தொட வேண்டாம். துணி காயப்போடுவது, தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைப்பது, குழந்தைகள் விளையாடுவது, இவற்றை மரத்தின் விரிவுக்கு வெளியே மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும்.

ஊரில் எல்லாரும் கூடி அந்த மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார்கள். வெடி போட்டு விரட்டலாம் என்றும் ஒரு யோசனை.
— சேரம்பாடி வாசகர்

தயவுசெய்து வேண்டாம். வௌவால் மீதுள்ள இரக்கத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் ஊருக்குத்தான் ஆபத்து கூடும்.

உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில், வௌவால் சுமக்கும் இன்னொரு கொடிய வைரஸான மார்பர்க்குக்குப் பயந்து 2008-ல் வௌவால்களை அடியோடு அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் அங்கே குடியேறின. சோதித்துப் பார்த்தபோது முன்பு 5 சதவீதமாக இருந்த தொற்று 13 சதவீதமாக ஏறியிருந்தது. 2012-ல் அந்தப் பக்கத்திலேயே மனிதர்களுக்கு மார்பர்க் பரவியது. காரணம் இதுதான்: பழைய கூட்டத்தில் எதிர்ப்புச் சக்தி உள்ளவை நிறைய இருந்தன. காலியான இடத்தில் வந்து சேர்ந்தவை எதிர்ப்புச் சக்தி இல்லாதவை, வைரஸ் அவற்றிடையே சுலபமாகப் பரவியது.

ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவுக்கார வைரஸான ஹெண்ட்ரா 1994-ல் பிரிஸ்பேனில் குதிரைகளிடமிருந்து மனிதருக்கு வந்தது. பல ஆண்டுத் தகவல்களைத் திரட்டிப் பார்த்ததில், காட்டில் பூ இல்லாமல் வௌவால்கள் பட்டினி கிடந்து, பண்ணைகளையும் ஊர்களையும் நாடி வந்த காலங்களில்தான் குதிரைகளுக்கு நோய் அதிகம் தாவியது தெரிந்தது. காட்டில் நன்றாகப் பூத்த ஆண்டுகளில் அப்படி நடக்கவில்லை. பசியும் அலைச்சலும் கூடினால் கிருமி வெளியேற்றமும் கூடும். வெடி போட்டு விரட்டினால் ஒரு மரத்தில் இருந்த கூட்டம் பத்து இடங்களுக்குச் சிதறும். அதில் ஒன்று உங்கள் வீட்டுக் கொய்யாவாகவும் இருக்கலாம்.

சட்டமும் மாறிவிட்டது. முன்பு பழந்தின்னி வௌவாலைத் தொல்லை விலங்கு என்று பட்டியலிட்டிருந்தார்கள். வனவுயிர்ச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் சித்தூர் தாலுகாவே கள்ளுக்குப் பேர்போனது. கள், பதநீர் குடித்தால் நிபா வருமா? கள்ளில் போதை இருக்கிறதே, கிருமி செத்துவிடாதா?
— பாலக்காடு மாவட்ட வாசகர்

போதையை நம்பாதீர்கள். தென்னங்கள்ளில் சாராயச் சத்து 4 முதல் 6 சதவீதம் வரைதான் இருக்கும். கைக்குத் தடவும் சானிடைசரில் 60 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது கிருமியைக் கொல்கிறது. புளிப்பும் உதவாது. பதநீருக்குக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, புளிக்காமல் இருக்கத்தான் தடவுகிறார்கள், அது கிருமிநாசினி அல்ல. நிபா வைரஸ் புளிப்புக்கும் சுண்ணாம்பின் காரத்தன்மைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கக்கூடியது.

பங்களாதேஷில் 2001 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் குளிர்காலத்தில் நிபா வருகிறது. அங்கே குடிப்பது பேரீச்ச இன மரத்தின் பச்சைச் சாறு. மரத்தின் பட்டையை அகலமாகச் சீவி, வழியும் சாறு ஒரு குச்சி வழியாகக் கலயத்தில் விழும்படி இரவெல்லாம் விட்டுவைப்பார்கள். இருட்டிலும் படம் பிடிக்கும் கேமராவை மரத்தில் கட்டிப் பார்த்தார்கள். வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவதும், சிறுநீர் விடுவதும் தெளிவாகப் பதிவாகின. விடிந்ததும் அதே சாற்றை இறக்கிக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். அந்தச் சாற்றைப் போன்ற சர்க்கரைக் கரைசலில் 22 டிகிரியில் வைரஸ் ஒரு வாரம் வரை நிலைத்திருந்தது ஆய்வகச் சோதனையில் தெரிந்தது.

தென்னையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பாளையைக் கட்டிச் சீவி, நுனியைக் கலயத்துக்குள்ளேயே விட்டிருப்பதால் திறந்து கிடக்கும் பரப்பு குறைவு. கேரளத்தில் இதுவரை வந்த நிபா எதற்கும் கள் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் வௌவால் கலயத்துக்கு வராது என்று மரமேறுபவர் எவரும் சொல்ல மாட்டார்.

பங்களாதேஷில் மூங்கிலைப் பாவாடை மாதிரி பின்னி, சீவிய இடத்தையும் கலய வாயையும் சேர்த்து மூடுகிறார்கள். வௌவால் வந்து உட்கார்ந்தாலும் நாக்கு எட்டாது. நம் பக்கம் பாளைக்கும் கலயத்துக்கும் சேர்த்து மூங்கில் தட்டியோ நெருக்கமான நைலான் வலையோ போடலாம். வலையை இறுக்கிக் கட்டுங்கள், கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் வலையில் வௌவால் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கப் போகிறவர் கடி வாங்குவார். கலயத்தின் வெளிப்புறத்தில் எச்சமோ பல்லடியோ தெரிந்தால் அந்தக் கலயத்துக் கள்ளைக் கொட்டிவிட்டு, கலயத்தைக் கொதிநீரில் கழுவிக் காயவையுங்கள்.

பதநீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தால் பயமில்லை. கருப்பட்டி, வெல்லம் எல்லாம் மணிக்கணக்கில் காய்ந்து வருவதால் தாராளமாகச் சாப்பிடலாம். பக்கத்தில் நிபா அறிவித்திருக்கும் வாரங்களில் பச்சைக் கள்ளையும் பச்சைப் பதநீரையும் ஒதுக்கிவிடுங்கள்.

செங்கோட்டைச் சந்தைக்குக் கேரளத்திலிருந்து ரம்புட்டானும் மற்ற பழங்களும் வருகின்றன. வாங்கலாமா? வௌவால் கடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?
— புளியரை வாசகி

தோல் கீறாத பழத்தை வாங்கலாம். ஓடும் தண்ணீரில் கழுவி, தோலை உரித்துச் சாப்பிடுங்கள். 2021-ல் கோழிக்கோடு பக்கம் ஒரு சிறுவன் இறந்தபோது ரம்புட்டான் மீது சந்தேகம் எழுந்தது, ஆனால் நிரூபணமாகவில்லை.

கடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பறவை கொத்தினால் கூர்மையான குழி விழும், சுற்றியுள்ள தோல் கிழிந்திருக்கும். அணில் கொறித்தால் ஓரத்தில் மெல்லிய இணைக்கோடுகள் வரிவரியாக இருக்கும். வௌவால் கடித்தால் ஒரு கை அள்ளினாற்போல் சதை போயிருக்கும், ஓரத்தில் கோரைப்பல் இறங்கிய ஓட்டை தெரியும். மரத்தடியில் சப்பித் துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பழந்தின்னி வௌவால் சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். அந்தச் சக்கை முழுவதும் எச்சில்தான்.

கடித்த இடத்தை அறுத்துப் போட்டுவிட்டு மீதியைத் தின்பது நம் வீடுகளில் பழக்கம். மாம்பழம், சப்போட்டா, கொய்யா எதுவானாலும் இதை விட்டுவிடுங்கள். எச்சில் சதைக்குள் எவ்வளவு தூரம் ஊறியிருக்கும் என்று கண்ணால் பார்க்க முடியாது, கழுவியும் எடுக்க முடியாது. பழத்தை அப்படியே குழியில் போட்டு மூடுங்கள்.

முந்திரித் தோப்பிலும் பாக்குத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்திரிப்பழத்தையும் பழுத்த பாக்கையும் வௌவால் தூக்கிப்போய்ச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். அதைப் பொறுக்குவது பலருக்குப் பிழைப்பு, பொறுக்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு பொறுக்குங்கள். வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிட்ட பிறகே வெறுங்கையால் தொடுங்கள். பாக்கைப் பல்லால் கடித்து உரிக்கவே கூடாது. நாட்டு வாதுமைப் பழத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டுப் பன்றிகள் வளர்க்கிறேன். கொட்டகை ஓரத்தில் பலா, மா நிற்கின்றன. பன்றிக்கு வருமா?
— பந்தலூர் வாசகர்

வரும். 1998-99-ல் மலேசியாவில் இந்த வைரஸ் முதன்முதலாகத் தெரியவந்ததே பன்றிப் பண்ணையில்தான். பண்ணையோடு சேர்த்து மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட மாங்கனி தொழுவத்தில் விழுந்தது, பன்றி தின்றது. பன்றிக்கு அது நுரையீரலில் இறங்கி, உரத்த இருமலாக வந்து, சளித்துளி வழியாக மற்றப் பன்றிகளுக்கும் பராமரித்தவர்களுக்கும் பரவியது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது. கேரளத்தில் இதுவரை பன்றி வழியாக மனிதருக்கு வந்ததில்லை.

மரத்தை வெட்ட வேண்டாம். தொழுவத்தின் மேல் கவிந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டுக் கூரையை முழுதாக மூடுங்கள், தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் கூரைக்கு உள்ளே வையுங்கள். விழுந்த பழத்தைப் பன்றிக்குப் போடாதீர்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் பல பன்றிகள் சேர்ந்து இருமினாலோ, தள்ளாடினாலோ விற்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மனிதருக்கு மனிதர் எப்படிப் பரவுகிறது? காற்றிலா? என் மகள் நிலம்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பயமாக இருக்கிறது.
— களியக்காவிளை வாசகி

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 2018-ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி, தனக்கு வந்த நோயிலேயே அந்த மே மாதம் இறந்துபோனார். அந்த முறை 18 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, அவர்களில் பிழைத்தவர் இருவர். ஆரம்பத்தில் இறந்த முதல் நோயாளியைத் தவிர மற்றவர்களுக்கு மனிதரிடமிருந்துதான் வந்தது, அதிலும் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளே.

ஆனால் எல்லா நோயாளியும் ஒரே அளவில் பரப்புவதில்லை. வௌவாலின் எச்சிலில் எப்போதாவது வரும் வைரஸ், நோய் முற்றிய மனிதரிடம் தொண்டைச் சளி, உமிழ்நீர், சிறுநீர், இரத்தம் எல்லாவற்றிலும் இருக்கும். நோய் முற்ற முற்ற அளவு ஏறும். மூளைக் காய்ச்சல் மட்டும் வந்தவரைவிட, இருமலும் மூச்சுத்திணறலும் உள்ளவரே அதிகம் பரப்புகிறார். பங்களாதேஷில் 2001 முதல் 2014 வரை கண்டறிந்த 248 நோயாளிகளில் 82 பேருக்கு மற்றொரு நோயாளியிடமிருந்து வந்தது. சராசரியாகப் பார்த்தால் மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குப் பரப்பிய கணக்கு. பெரும்பாலானோர் ஒருவருக்கும் பரப்பவில்லை. கணவனோ மனைவியோ இரவுபகலாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டபோது ஆபத்து மிகுந்தது. கேரளத்திலும் 2019, 2021, 2024 ஆண்டுகளில் நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் பரவவே இல்லை. ஆட்களைத் தேடிப் பிடித்து விரைவாகத் தனிமைப்படுத்தியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கொரோனாபோல் கடையிலும் பஸ்ஸிலும் பரவும் நோய் இல்லை இது. அறிகுறி தெரிவதற்கு முன் பரப்பியதாகவும் தெரியவில்லை. நெருங்கிய, நீண்ட நேரத் தொடர்பு வேண்டும். உங்கள் மகள் கவனிக்க வேண்டியவை: காய்ச்சலோடு நினைவு தடுமாறும் நோயாளியும், காய்ச்சலோடு வேகமாக மூச்சு முட்டும் நோயாளியும் வந்தால், முடிவு வரும்வரை நிபாவாக இருக்கலாம் என்றே நடத்த வேண்டும். என்95 மாஸ்க், கண்ணாடி, நீள்கை அங்கி, இரட்டைக் கையுறை. மூச்சுக்குக் குழாய் போடும்போதும் சளி உறிஞ்சும்போதும் இவை கட்டாயம். பலருக்குத் தொற்று வருவது கழற்றும்போதுதான்: முதலில் வெளிக் கையுறை, அடுத்து அங்கியும் உள் கையுறையும், பிறகு கை சுத்தம், கண்ணாடி, மறுபடி கை சுத்தம், அறையை விட்டு வெளியே வந்த பிறகு மாஸ்க், கடைசியில் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

நோயாளியின் சளி, வாந்தி, இரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதக் குளோரின் கரைசல். 33 சதவீத பிளீச்சிங் பவுடரில் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அந்த அளவு வரும். சிந்தியதைத் துணியால் மூடி அதன்மேல் ஊற்றி, அரைமணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். பல மாதம் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோய், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும்.

இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுவதும், முகத்தில் முத்தமிடுவதும் அந்த நேரத்தில் வேண்டாம். மனதுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறோம். பயிற்சி பெற்றவர்கள் உறையிட்டுக் கொடுப்பார்கள், எட்டி நின்று பிரார்த்தனை செய்யலாம்.

கிணற்றுக்குள் சின்ன வௌவால்கள் இருக்கின்றன. தண்ணீர் குடிக்கலாமா?
— கம்பம் வாசகர்

அவை பூச்சி தின்னும் வௌவால்கள். 2018-ல் முதலில் சந்தேகித்ததும் ஒரு கிணற்று வௌவாலைத்தான். சோதனையில் அவற்றில் நிபா இல்லை. எச்சம் விழும் தண்ணீரை வேறு நோய்களுக்காகவும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மாலையில் அவை வெளியே போன பிறகு கிணற்றுக்கு வலை போட்டு மூடுங்கள். எந்த வௌவால் கடித்தாலும், கீறினாலும் 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி அவர்கள் முடிவு செய்வார்கள்.

பெருந்தல்மண்ணாவில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த என் தம்பிக்குக் காய்ச்சல். டாக்டரிடம் சொன்னால் பிடித்து அடைத்துவிடுவார்களோ என்று மறைக்கிறான்.
— வாளையாறு வாசகர்

மறைப்பதுதான் ஆபத்து. கேரளத்தில் நிபா தலைகாட்டியது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. டெங்கு, எலிக்காய்ச்சல், ஃப்ளூ எல்லாம் வரும் காலமும் அதுதான். தம்பிக்கு அவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போனார், அங்கே யாருக்காவது காய்ச்சலோ திடீர் மரணமோ உண்டா, மருத்துவமனையில் யாரையாவது பார்த்தாரா, கடிபட்ட பழமோ பச்சைக் கள்ளோ உண்டாரா என்பதைச் சொன்னால்தான் டாக்டருக்கு நிபா நினைவுக்கு வரும். கிருமி உள்ளே போய் நோய் தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். நோயாளியோடு தொடர்பில் இருந்தவரை 21 நாள் கண்காணிப்பது இதனால்தான்.

தொண்டைச் சளி, இரத்தம், சிறுநீர், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர் எடுத்து பிசிஆர் சோதனை செய்வார்கள். மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. ரிபாவிரின், ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளையும், மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற, ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதத்தையும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். நோயாளிகளில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறந்துவிடும் நோய் இது, முன்னதாக வந்தால் மூச்சையும் மூளை வீக்கத்தையும் கவனித்துக் காப்பாற்ற வாய்ப்பு கூடும். தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம், மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். தமிழ்நாட்டில் 104-க்கும், கேரளத்தில் 104 அல்லது 1056-க்கும் போன் செய்து, போகும் முன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். தம்பிக்கும் கூட வருகிறவருக்கும் மாஸ்க் போடுங்கள். கூட ஒருவர் போதும்.

நிபாவிலிருந்து குணமாகி வந்தவர் மற்றவருக்குப் பரப்புவாரா?
— தேவாலா வாசகி

சோதனையில் வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவரோடு சேர்ந்து சாப்பிடலாம், பேசலாம், வேலைக்கு எடுக்கலாம். குணமான ஓர் ஆணின் விந்தில் சில வாரம் வரை வைரஸின் தடயம் கிடைத்திருப்பதால், தம்பதியர் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக் காய்ச்சல் திரும்பலாம். வலிப்பு, குணமாற்றம், நடை தடுமாற்றம் தெரிந்தால் பழைய நோயைச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.